ஆல்ப்ஸ் மலையில் வழிகாட்டியோடு பைக் பயணம்: எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: பல வருடக் கனவுக்குப் பிறகு, வரும் செப்டம்பரில் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக வழிகாட்டியுடன் கூடிய பைக் பயணத்துக்கு ஒருவர் பணம் கட்டியிருக்கிறார். தினமும் பைக் ஓட்டுபவர், ஆனால் மலையில் அதிகம் ஓட்டியதில்லை. சாலையின் இடப்பக்கம் ஓட்டியே பழக்கம். மனைவி பின்னிருக்கையில் வருகிறார். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. என்ன வாங்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் வாழ்த்துகள். இவ்வளவு முன்கூட்டியே யோசிப்பது நல்ல விஷயம். என்ன வாங்குவது என்பதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதியை நான் வேறொன்றுக்குக் கொடுப்பேன். ஆள் நடக்கிற வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல், பைக்கை முழுசாகத் திருப்பும் பயிற்சிதான் அது.

வழிகாட்டியோடு போகும்போது பாதை தேடுவது, தங்குமிடம், பெட்டிகளை வேனில் ஏற்றுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வளைவில் உங்கள் பைக்கைத் திருப்புவதை மட்டும் வேறு யாரும் செய்து தர முடியாது. அந்த வளைவுகளும் அங்கே ஏராளம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிராட்டோ ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். ஆஸ்திரியப் பேரரசு தன் ஆளுகையில் இருந்த வட இத்தாலியின் லொம்பார்டியோடு நேரடித் தொடர்பு வேண்டும் என்று 1820களில் போட்ட பாதை இது. பொறியாளர் கார்லோ டொனெகானி குதிரை வண்டிகளை மனதில் வைத்துத்தான் கட்டினார். சரிவு மிதமாக இருக்க வேண்டும் என்று வளைவுகளைப் பெருக்கிக்கொண்டே போனார். அதனால் திருப்பங்கள் ரொம்ப இறுக்கம்.

எல்லாக் கணவாயும் அப்படி இருக்காது. ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலையை ஃபிரான்ஸ் வல்லாக் மோட்டார் வண்டிகளுக்காகவே வடிவமைத்தார், 1935இல் திறந்தார்கள். அதிலும் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, ஆனால் அகலமானவை. சுவிட்சர்லாந்தின் சூஸ்டன் கணவாய்ச் சாலையும் 1946இல் திறக்கப்பட்ட மோட்டார் யுகத்துச் சாலைதான், நீளமான, சுகமான வளைவுகள். உங்கள் பயணத் திட்டத்தில் கிராஸ்குளோக்னர் முதலிலும் ஸ்டெல்வியோ பின்னாலும் வந்தால் அதிர்ஷ்டம். ஸ்டெல்வியோ முதல் நாளோ இரண்டாம் நாளோ வந்தால், ஊரிலேயே தயாராகிக்கொண்டு போவது இன்னும் முக்கியமாகிறது.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இடப்பக்கப் போக்குவரத்தில் இடது வளைவுதான் உள்வட்டம், அதனால் அதுதான் இறுக்கமானது. ஆல்ப்ஸில் வலப்பக்கம் ஓட்டுவதால் இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே வலது வளைவுதான் இறுக்கம். உங்கள் உடம்போ இத்தனை வருடமும் இடது பக்கம் குறுகலாகத் திரும்பித்தான் பழகியிருக்கிறது. அதோடு, வலது பக்கம் ஹேண்டில்பாரை முழுசாக ஒடித்தால் கிளட்ச் பிடித்த இடது கை முன்னால் நீண்டு போகும், ஆக்சிலேட்டர் பிடித்த வலது கை வயிற்றை நோக்கி மடங்கும். இரண்டையும் நுணுக்கமாக இயக்குவது அந்த நிலையில் கஷ்டம். வண்டி உள்பக்கம் சாய்ந்தால் ஊன்ற வேண்டியது வலது கால். அந்தக் கால்தான் பின் பிரேக்கிலும் இருக்கிறது. மேலே ஏறும் வலது கொண்டை ஊசியில் உள்விளிம்பு சாலையிலேயே மிகச் செங்குத்தான இடம். அங்கே என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆல்ப்ஸில் பைக் கீழே விழுவதைப் பெரும்பாலும் இந்த மாதிரி வலது வளைவில், சைக்கிள் வேகத்துக்கும் குறைவாக ஏறும்போதுதான் பார்த்திருக்கிறேன். அடி அதிகம் படாது. ஆனால் கணுக்கால் மாட்டிக்கொண்டால் பயணம் அதோடு முடிந்துவிடும்.

பயிற்சி எளிதுதான். ஆளில்லாத, தளம் போட்ட மைதானம் ஒன்று போதும். எட்டு மீட்டர் அகலத்தில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு அதற்குள் வலது பக்கம் திரும்பிப் பழகுங்கள். முதல் கியர். கிளட்சைப் பாதி பிடித்த நிலையில் வையுங்கள், ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து அதே அளவில் நிறுத்துங்கள், வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் லேசாக அழுத்திக் கட்டுப்படுத்துங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்ட மாத்திரத்தில் வண்டி சாய்ந்துவிடும். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வண்டி போகும். முன் சக்கரத்தைப் பார்க்காமல், தாடையைத் தோளுக்கு மேலே திருப்பி, நீங்கள் வெளியேற வேண்டிய இடத்தைப் பாருங்கள். எட்டு மீட்டர் வசப்பட்டதும் ஆறாகக் குறையுங்கள். அப்புறம் எட்டு வடிவில் சுற்றுங்கள். இடது பக்கம் ஒரு தடவை என்றால் வலது பக்கம் இரண்டு தடவை. அடுத்து ஒரு மேட்டில் நிறுத்தி, பின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்னால் நழுவாமல் கிளப்பிப் பழகுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அரைமணி நேரம் செய்தாலே மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். மெதுவேகப் பயிற்சி தரும் ஓட்டுநர் பள்ளி கிடைத்தால் ஒரு நாள் அதற்குச் செலவழியுங்கள். புது ஜாக்கெட்டுக்கு ஆகும் பணத்தைவிட அது நன்றாகப் பயன்படும்.

சாலையில் இதைப் பயன்படுத்தும்போது அவசரப்பட்டு உள்விளிம்புக்குப் போய்விடாதீர்கள். உங்கள் பாதையின் வெளிப்பக்கமாகவே போய், தாமதமாகத் திரும்பினால் வட்டம் பெரிதாகும், உள்விளிம்பின் செங்குத்தும் தப்பும். ஆல்ப்ஸ் சாலைகளின் பெரிய வசதி, பல இடங்களில் மரங்கள் இல்லாததால் கீழிருந்தே மேல்பாதை தெரியும். வளைவுக்குள் நுழைவதற்கு முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பஸ் இறங்கி வருகிறதென்றால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், பஸ்ஸுக்கு முழு அகலமும் தேவைப்படும். சுவிட்சர்லாந்தின் மலைத் தபால் சாலைகளில் மஞ்சள் தபால் பஸ் ஓட்டுநர் சைகை காட்டினால் அதன்படி நடக்க வேண்டும் என்பது விதியே. அவர்களுடைய மூன்று ஸ்வர ஹாரன், ரோஸ்ஸினியின் வில்லியம் டெல் இசைநாடக முன்னிசையிலிருந்து எடுத்தது. பார்வை மறையும் திருப்பங்களில் அந்தச் சத்தம் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும், காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் தலைகீழாக மாறும். வலப்பக்கம் ஓட்டும்போது, இடது வளைவில் சாய்ந்தால் உங்கள் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குள் போகும். டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எதிரே வரும் காரின் கண்ணாடி இருப்பது உங்கள் தலை உயரத்தில்தான். இடது வளைவுகளில் நடுக்கோட்டிலிருந்து நன்றாக விலகியே இருங்கள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. வளைவுக்கு முன்பே முதல் அல்லது இரண்டாம் கியருக்கு வந்து என்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, பிரேக் திரவம் கொதித்து, லீவர் மெத்தென்று ஆகிவிடும். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டு ஆறவிடுவதுதான் முறை.

வலப்பக்கம் ஓட்டுவது பற்றிப் பொதுவாகப் பயப்பட வேண்டாம். முன்னால் வழிகாட்டி போகும்போது தானாக வந்துவிடும். ஆபத்து, முன்னால் யாரும் இல்லாத நேரங்களில்தான்: பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, படம் எடுக்க ஓரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது, காலையில் வெறிச்சோடிய சாலையில். பழைய பழக்கம் அங்கேதான் தலை நீட்டும். டேங்க் மேல் கண்ணில் படுகிற மாதிரி வலப்பக்க அம்புக்குறி ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் இடது பக்கத்திலிருந்து வரும் வண்டிகளைப் பார்த்து, வலது பக்கமாகத் திரும்பி நுழைய வேண்டும்.

அடுத்து குழு. குழுப் பயணத்தில் விபத்துக்குப் பெரிய காரணம், முன்னால் போகிறவரை விட்டுவிடக் கூடாது என்கிற தவிப்பு. தன் திறமைக்கு மேலே ஓட்டிவிட்டு, அது தெரிய வருவதற்குள் வளைவுக்குள் மாட்டிக்கொள்வார்கள். நல்ல வழிகாட்டி ஒவ்வொரு சந்திப்பிலும் காத்திருப்பார், அல்லது திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவைப்பார். கடைசியில் இன்னொருவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார். இந்த ஏற்பாடு எப்படி என்று முதல் நாள் கூட்டத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்துவிட்டால் துரத்த வேண்டிய அவசியமே இருக்காது. நேர்ச் சாலையில் உங்கள் பாதைக்குள்ளேயே ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போகலாம், வளைவுகளில் ஒற்றை வரிசை மட்டும்தான். அதே கூட்டத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: எனக்கு மலை அனுபவம் குறைவு, முதல் இரண்டு நாள் உங்களுக்கு நேர் பின்னால் வருகிறேன். வழிகாட்டிகள் இதை விரும்புவார்கள். அவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்தக் கோட்டில் திரும்புகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதைவிடப் பெரிய பாடம் இல்லை. பதிவுப் படிவத்தில் உங்கள் அனுபவத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் இப்போதே மின்னஞ்சல் போட்டுத் திருத்திவிடுங்கள்.

பைக் தேர்வு இன்னும் கையில் இருந்தால் பெரியதைப் பார்த்து மயங்காதீர்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அருமையான வண்டி, ஆனால் பெட்ரோல் நிரப்பினால் 249 கிலோ. பெட்டிகள், இரண்டு பேர் என்று சேர்ந்தால் நிறுத்தி வைப்பதே ஒரு வேலை. இருவராகப் போவதால் இழுவிசை கொஞ்சம் வேண்டும் என்பது உண்மை. 2,700 மீட்டரில் காற்று மெலிந்து சாதாரண என்ஜின் தன் சக்தியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை இழக்கும். ஆனாலும் இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் படிகிற நடுத்தர வண்டி, கால் நுனி மட்டும் எட்டுகிற பெரிய வண்டியைவிட உங்களுக்கு உதவும். தாழ்வான சீட் போட்டுத் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. முடிந்தால் அதே எடை வகை வண்டி ஒன்றை ஊரிலேயே வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

உடுப்புக்கு வருகிறேன். பள்ளத்தாக்கில் நன்றாக வியர்க்கும், கணவாய் உச்சியில் பல் கிட்டிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பிராட்டோ சுமார் 900 மீட்டர் உயரம், அங்கிருந்து ஸ்டெல்வியோ உச்சிக்கு ஒரே ஏற்றத்தில் 12 டிகிரி இறங்கிவிடும், அதற்கு மேல் காற்று. அதனால் ஒரே கனமான ஜாக்கெட்டைவிட அடுக்குகள் நல்லது: உள்ளே தெர்மல், மேலே காற்று புகாத மெல்லிய ஒன்று, அதற்கு மேல் பாதுகாப்புப் பட்டைகள் உள்ள ஜாக்கெட், மழைக்குத் தனி மேலுறை. இரண்டு ஜோடி கையுறை, ஒன்று நீர்புகாதது. விரல் விறைத்தால் கிளட்ச் நுணுக்கம் போய்விடும், இவ்வளவு பயிற்சி செய்ததும் வீண். ஹெல்மெட் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஈசிஇ 22.06 அல்லது அதற்கு முந்தைய 22.05 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கறுப்பு வைசர் வேண்டாம். வெயிலில் இருந்து நேராக இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழைகிற இடங்கள் நிறைய. பூட்ஸ் எதுவானாலும் இப்போதே வாங்கி, போட்டுப் போட்டு இளக்கிவிடுங்கள். காதுக்கு நுரைச் செருகி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றிரைச்சலைக் குறைத்தாலே மாலைக் களைப்பும் குறையும்.

செப்டம்பர் நல்ல தேர்வு. கோடை நெரிசலும் மாலை இடிமழையும் குறைந்திருக்கும். ஆனால் உயரக் கணவாய்களில் திடீர்ப் பனி விழலாம், சாலையை மூடிவிடலாம். வழிகாட்டி பாதையை மாற்றினால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் கணவாயின் பழைய ட்ரெமோலா சாலை கல் பதித்தது, 24 கொண்டை ஊசி வளைவுகள். உலர்ந்திருந்தால் வாழ்நாள் அனுபவம். ஈரமாக இருந்தால், இருவர் ஏறிய கனமான வண்டியை அதில் கொண்டுபோவதை நான் விரும்ப மாட்டேன். தார் ஒட்டுப் போட்ட கறுப்புக் கோடுகள், வெள்ளைக் கோடுகள், மேய்ச்சல் நிலம் அருகே மாட்டுச் சாணம், இவையும் மழையில் வழுக்கும்.

உடம்புக்குத் தினமும் நடையும், தொடை, இடுப்பு, கழுத்துக்கான பயிற்சியும் போதும். மலையில் 250 கிலோமீட்டர் என்பது இடைவேளைகளோடு முழு நாள் வேலை, அதை நெடுஞ்சாலைக் கணக்கில் நினைக்காதீர்கள். இதில் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன்: பயணம் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே போய் இறங்குங்கள். இரவு விமானத்தில் தூங்காமல் வந்து, காலையில் அறிமுகமில்லாத கனமான வண்டியில், சாலையின் மறுபக்கத்தில் ஓட்டுவது சரியான ஆரம்பம் இல்லை. உயரம் பற்றிக் கவலை வேண்டாம். பகலில் கணவாயைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுவீர்கள், தங்குவது பெரும்பாலும் தாழ்வான ஊர்களில்தான்.

ஆவணங்களில் விசாதான் நேரம் பிடிக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, ஒரே விசா போதும். பணம் மட்டும் அங்கே பிராங்க். சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு ஊர் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும், அதில் நீங்கள் ஓட்டப்போகும் சிசி அளவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டில் மட்டும் பொடி எழுத்தையும் படியுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதைக் காட்டி விசா வாங்கிவிடலாம், ஆனால் பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட சிசிக்கு மேற்பட்ட பைக்கை விலக்கிவைக்கும். மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்குப் பெரிய தொகை ஆகும், அது உங்கள் தலையில் விழலாம். பைக் ஓட்டுவதும், பின்னிருக்கையில் வருவதும், ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பா முழுதும் அவசர எண் 112. சுவிஸ் வான்மீட்பு அமைப்பான ரெகாவின் எண் 1414. இரண்டையும் போனில் சேமியுங்கள், உங்கள் மனைவியின் போனிலும். வாடகை வண்டியை வாங்கும்போது ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், விழுந்தால் சேதச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். வேக வரம்பு ஊருக்கு வெளியே பொதுவாக ஆஸ்திரியாவில் 100, இத்தாலியில் 90, சுவிட்சர்லாந்தில் 80 கிலோமீட்டர். எல்லை தாண்டியதும் மாறுவது சட்டென்று உறைக்காது.

கடைசியாக, மனைவி. அவரைப் பயணி என்று நினைக்காமல் பயிற்சியில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மைதானப் பயிற்சியின் கடைசி மாதத்தை அவரோடு செய்யுங்கள், ஏனென்றால் பின்னால் ஆள் இருந்தால் வண்டி திரும்புவதே வேறு மாதிரி. வளைவில் அவர் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலே பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியாகச் சாயும். பிரேக் பிடிக்கும்போது ஹெல்மெட் முட்டாமல் இருக்க டேங்கிலோ கைப்பிடியிலோ ஊன்றிப் பழக வேண்டும். நிறுத்து, மெதுவாக, குளிர்கிறது என்பதற்கு மூன்று தட்டல் சைகைகளை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஹெல்மெட்டுக்குப் பேசும் கருவி போடுங்கள். ஏறுவது, இறங்குவது எப்போதும் நீங்கள் தலையசைத்த பிறகுதான். அவருக்கும் உங்களுக்கு இணையான ஜாக்கெட், பூட்ஸ், கையுறை வேண்டும். பின்னால் உட்காருபவர் உடம்பு அசையாததால் அவருக்குத்தான் அதிகம் குளிரும். பெட்டி வேனில் காலி இருக்கை உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுவையுங்கள். ஸ்டெல்வியோ அன்று மழை பெய்தால் அவர் வேனில் ஏறி உச்சிக்கு வரட்டும். மறுபக்கம் இறங்கும்போது சாலை காய்ந்திருந்தால் மறுபடி பின்னால் ஏறிக்கொள்ளலாம்.